மிஸ்ஸிங் பிடித்தல்: உழவர்கரை ஒர்க்ஷாப்புகளின் தொழில் வரலாறு

நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 750 சுற்று என்ற ஐடில் வேகத்தில் ஓடும்போது அதனுள் நொடிக்கு 25 முறை தீப்பற்றுகிறது. ஒரு சிலிண்டருக்கு ஆறு முறைக்குச் சற்று மேல். இவற்றில் ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது பற்றாமல் விட்டால் சைலன்சரில் தாளம் தப்பும், ஸ்டியரிங் நடுங்கும், கியர் லீவர் ஆடும். ‘வண்டி மிஸ் அடிக்குது’ என்று ஓட்டுநர் சொல்வது இதைத்தான். வேகமாகப் போகும்போது ஃப்ளைவீலின் ஓட்டம் இந்தக் குறையைப் பெரும்பாலும் மறைத்துவிடும். ஐடிலில் மறைக்க வழியில்லை. அதனால்தான் எந்த மெக்கானிக்கும் முதலில் வண்டியை நிறுத்தி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் சும்மா ஓடவிட்டுக் காது கொடுக்கிறார்.

காரணங்கள் எத்தனை இருந்தாலும் அவை மூன்றுக்குள் அடங்கும். பிளக்கில் கரண்ட் சரியாக இல்லை, காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவு மாறிவிட்டது, அல்லது சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை. முதல் மோட்டார் கார் ஓடிய நாளிலிருந்து இதில் மாற்றம் இல்லை. மாறியது கருவிதான். அந்த மாற்றங்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், எஞ்சினில் வந்த புதுமைகளைவிட, எஞ்சின் விடும் புகைமீது அரசு போட்ட விதிகளும் டேங்கில் ஊற்றும் எண்ணெயில் வந்த மாற்றங்களுமே மெக்கானிக்கின் கையில் இருந்த கட்டிங் பிளேயரை வாங்கிக்கொண்டு ஸ்கேனரைக் கொடுத்தன என்பது தெரியும். இதைப் பார்க்க உழவர்கரை நல்ல இடம். கார்பரேட்டர் காலத்து அம்பாசடரும் பி.எஸ். 6 புகைத் தரத்து வண்டியும் ஒரே சாலையோரத்தில் பழுதுக்கு வந்து நின்ற ஊர் அது.

புதுச்சேரிப் பட்டணத்துக்கு மேற்கிலும் வடக்கிலும் பரந்து கிடக்கும் உழவர்கரை, பிரெஞ்சு ஆட்சி 1880இல் கொம்யூன் முறையைக் கொண்டுவந்தபோது புதுச்சேரி, வில்லியனூர், பாகூர் ஆகியவற்றோடு தனிக் கொம்யூனாக ஆனது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இணைப்பு முடிந்த பிறகு, பட்டணத்தில் இடம் போதாதவை எல்லாம் இந்தப் பக்கம் நகர்ந்தன. தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைகள் வந்தன. கோரிமேட்டில் ஜிப்மர் வளர்ந்தது, லாஸ்பேட்டையில் குடியிருப்புகள் பெருகின. 2011 கணக்கெடுப்பில் உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை 3 லட்சம். புதுச்சேரி நகராட்சியின் தொகையையே அது தாண்டிவிட்டது.

மோட்டார் பட்டறைகள் இங்கே குவிந்ததில் வியப்பில்லை. கட்டம் போட்டதுபோல் நெருக்கமாக அமைந்த பழைய பட்டணத் தெருக்களில் பத்து வண்டியை நிறுத்தி எஞ்சின் இறக்க முடியாது. திண்டிவனம் போகும் சாலை கோரிமேடு வழியாகவும், விழுப்புரம் போகும் சாலை ரெட்டியார்பாளையம், மூலக்குளம், வில்லியனூர் வழியாகவும் செல்கின்றன. வழுதாவூர் சாலையில் மேட்டுப்பாளையம் லாரி முனையம் இருக்கிறது. லாரி நிற்கும் இடத்தில் நாசில் வேலை செய்பவர், ரேடியேட்டர் அடைப்பவர், பேட்டரிக்காரர், லேத் பட்டறை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வது இயல்பு. பிறகு கார்களும் அங்கேயே வந்தன. உழவர்கரைக்கு PY-05 என்ற பதிவு வரிசையும் கிடைத்தது.  

தொழிலின் தொடக்கம் இவற்றுக்கெல்லாம் முந்தையது. முதல் தலைமுறைக் கார்களில் தீப்பொறியைக் கொடுத்தது மேக்னெட்டோ. பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் 1902இல் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோவும் ஸ்பார்க் பிளக்கும் அந்தக் காலத்துக்குப் பெரிய முன்னேற்றம். எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழல மேக்னெட்டோவின் பொறி பலமாகும், மெதுவாகச் சுழன்றால் பொறி மெலியும். ஆகவே அந்தக் கார்கள் ஸ்டார்ட் ஆகும்போதும் ஐடிலிலும்தான் அதிகம் தொல்லை கொடுத்தன. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த பேட்டரி இக்னிஷன் 1912இல் கெடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு சேர்ந்து வந்தது. காயில், பாயிண்ட், கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டர் என்ற அந்த ஏற்பாடே அடுத்த 70 ஆண்டுகளுக்கு உலகெங்கும் நின்றது. இந்தியாவில் 1980கள் வரை அதற்கு மாற்று இல்லை என்றே சொல்லலாம்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலறிவு பரவியதற்குப் பஸ் கம்பெனிகளே முதற்காரணம். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரும், கோவையில் யு.எம்.எஸ். நடத்திய ஜி.டி. நாயுடுவும் பஸ் ஓட்டியதோடு நிற்காமல் பழுதுபார்க்கும் ஒழுங்கையும் உண்டாக்கினார்கள். நேரத்துக்குப் புறப்பட வேண்டிய பஸ்ஸில் மிஸ்ஸிங் என்பது சில்லறைக் குறை அல்ல. அதனால் குறையை விரைவாகப் பிடிக்கும் கைகள் அந்த டிப்போக்களில் தயாராயின. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது டி.வி.எஸ். உட்படப் பலர் கரிவாயு பிளான்ட்டுகளைச் செய்து பஸ்களில் பொருத்தினார்கள். மரக்கரியை எரித்து வரும் வாயுவில் ஓடிய அந்த எஞ்சின்களுக்கு வலுவும் குறைவு, தாரும் சாம்பலும் வால்விலும் பிளக்கிலும் படிந்து நாள் தவறாமல் மிஸ்ஸிங்கும் உண்டு. எண்ணெய் மாறினால் கோளாறின் முகமும் மாறும் என்பதை மெக்கானிக்குகள் கற்ற முதல் பாடம் அதுதான்.

விடுதலைக்குப் பிந்தைய 30 ஆண்டுகளில் இந்தியச் சாலையில் கார் என்றால் மூன்றுதான். உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், பம்பாயில் பிரீமியர் செய்த ஃபியட், சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த ஹெரால்டு. வண்டி மூன்றே என்பதால் குறைகளின் பட்டியலும் சிறியது. ஒரு மெக்கானிக் 20 ஆண்டுகள் ஒரே எஞ்சினைத் திறந்து திறந்து மூடினார். உதிரிகளும் வெளிநாட்டை நம்பி இல்லை: பிளக்குக்குப் பெங்களூரின் மைக்கோ, டிஸ்ட்ரிபியூட்டருக்கும் காயிலுக்கும் 1961இல் தொடங்கிய, சென்னை பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். இந்தக் காலத்தில்தான் மிஸ்ஸிங் பிடிப்பது முழுக்க முழுக்கக் கையும் காதும் சார்ந்த வித்தையாக முற்றியது.

அம்பாசடர் ஒன்று உதறிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தால் வேலை ஏறத்தாழ இந்த வரிசையில் நடக்கும். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் முதல் பிளக்கின் வயரைத் தூக்குவார் மெக்கானிக். எஞ்சின் சத்தம் தொய்ந்து உதறல் கூடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. வயரை மாட்டிவிட்டு அடுத்ததைத் தூக்குவார். எந்த வயரைத் தூக்கியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். தூக்கிய வயரின் முனையை எஞ்சின் உடம்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்தால் பொறி தாவும். நீலமாகச் சடசடவென்று தாவினால் கரண்ட் நன்றாக வருகிறது, மஞ்சளாக மெலிந்து வந்தால் கோளாறு பின்னால் காயிலிலோ கண்டன்சரிலோ பாயிண்டிலோ இருக்கிறது. இத்தனைக்கும் ஐந்து நிமிடம் போதும். செலவும் இல்லை. ஷாக் அடிப்பது மட்டும் தனி.

அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றியதும் அதன் மூக்கைப் பார்ப்பது அடுத்த படி. வறண்ட கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாக எண்ணெய் மினுங்கினால் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்து ஆயில் ஏறுகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம், சூடு மிகுதி. வெளிர் பழுப்பாக இருப்பதே நல்ல பிளக். ஐயம் தீரவில்லை என்றால் அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரில் மாட்டி, அதனுடையதை இதில் மாட்டிப் பார்ப்பார்கள். மிஸ்ஸிங் பிளக்கோடு கூடவே இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரஷனைச் சந்தேகிக்க வேண்டும். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பச் சுழற்றும்போது கம்ப்ரஷன் ஏறினால் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு எரிந்திருக்கிறது. கேஜ் இல்லாத ஷெட்டில் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தத்தை அறிந்தார்கள். சைலன்சர் வாயருகே உள்ளங்கையைப் பிடித்தால், சீராக அடிக்கும் காற்று இடையிடையே உள்ளே இழுப்பதை உணரலாம். எக்சாஸ்ட் வால்வு உட்காரவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம்.

நான்கு சிலிண்டரும் சேர்ந்தே தள்ளாடினால் பார்வை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சினில் பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, டேப்பெட் இடைவெளியும் அதே 15. ஃபீலர் கேஜில் அந்த ஒரு இதழ் மட்டும் தேய்ந்து மினுங்கினால் அது அம்பாசடர் ஷெட் என்று அறியலாம். பாயிண்ட் முனைகள் கருகிப் பள்ளமும் மேடுமாகியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமன் செய்வார்கள், ஆனால் கருகியதற்குக் காரணம் பெரும்பாலும் கண்டன்சர். அதைச் சோதிக்கத் தனிக் கருவி தேவைப்படவில்லை. நல்ல கண்டன்சர் ஒன்றுக்கு வயர் வைத்து வெளியிலிருந்தே இணைத்துப் பார்ப்பார்கள், உதறல் நின்றால் முடிவு தெரிந்துவிடும். ஹெரால்டில் இந்த வேலை இன்னும் சுலபம். அதன் பானெட் முழுவதும் மட்கார்டோடு முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும், மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் கை வைக்கலாம். பிந்தைய கார்களில் கை நுழையவே இடமில்லாததைப் பார்க்கும்போது, அந்த வடிவமைப்பாளருக்கு ஒரு நன்றி சொல்லத் தோன்றுவது நியாயமே.

கடலோர ஊருக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. ஈரமும் உப்பும் கலந்த காற்றில் ஹை டென்ஷன் வயரின் ரப்பர் வெடித்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் முடி அளவு கரிக்கோடு விழும். கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே கசிந்துவிடும். பகலில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். இரவில் விளக்கை அணைத்துப் பானெட்டைத் திறந்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்குத் தெரியும். கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண் புழுதிக்கு வேறு குணம். அது ஏர் ஃபில்டரை அடைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டிப் பிளக்கைக் கரியாக்கும்.

கார்பரேட்டர் வேலை தனிக் கைப்பக்குவம். ஐடில் வேகத்துக்கு ஒரு ஸ்க்ரூ, கலவைக்கு ஒரு ஸ்க்ரூ. கலவை ஸ்க்ரூவை முழுவதும் மூடி, பிறகு ஒன்றரைச் சுற்றுப் போலத் திறந்து, எஞ்சின் சத்தம் எந்த இடத்தில் மிக மென்மையாக வருகிறதோ அங்கே நிறுத்துவார்கள். ஸ்க்ரூவைத் திருப்பும் விரலுக்கும் கேட்கும் காதுக்கும் நடுவே வேறெதுவும் இல்லை. ஸ்லோ ஜெட்டில் ஒரு தூசி அடைத்தாலும் ஐடில் போய்விடும், காற்றடித்தால் திரும்பும். கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் வழியாக எஞ்சின் ‘ஏர் எடுத்தால்’ எவ்வளவு ட்யூன் செய்தாலும் நிற்காது. சோப்புத் தண்ணீரையோ சிறிது பெட்ரோலையோ இணைப்புகளில் விட்டு, சத்தம் மாறும் இடத்தைப் பார்த்து ஓட்டையைப் பிடித்தார்கள். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் விடுவது ஆபத்தான பழக்கம், ஆனாலும் பரவலாக இருந்தது. இதோடு மண்ணெண்ணெய்க் கலப்படமும் சேர்ந்தது. அரசு மானியத்தில் மலிவாகக் கிடைத்த மண்ணெண்ணெய் நாடெங்கும் பெட்ரோலில் கலந்த காலத்தில், நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கார் இன்று மிஸ் அடித்தால் நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன் ‘எங்கே பெட்ரோல் போட்டீங்க?’ என்று கேட்டார்.

டீசல் வண்டியில் பிளக்கும் இல்லை, பாயிண்டும் இல்லை. ஆனால் கண்டறியும் முறை அதேதான். பிளக் வயரைத் தூக்குவதற்குப் பதில் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்வார்கள். சத்தம் தொய்யாத சிலிண்டரே நோயாளி. 1980இல் டீசல் அம்பாசடர் வந்தபோது லாரி மெக்கானிக்கின் இந்த வித்தை டாக்சி ஷெட்டுக்கும் இறங்கியது. புதுச்சேரிக்கு அடையாளமாக ஓடிய மூன்று சக்கர டெம்போக்களில் இருந்தது ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். அதில் எந்தச் சிலிண்டர் என்று தேடும் வேலையே கிடையாது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 மெக்கானிக்கின் காதைச் சற்றுக் குழப்பியது. 796 சிசி, மூன்று சிலிண்டர். நான்கு சிலிண்டரில் கிராங்க் 180 டிகிரிக்கு ஒருமுறை உதை வாங்கும், இதில் 240 டிகிரிக்கு ஒருமுறைதான். ஐடிலில் இயல்பாகவே ஒரு சிறு நடுக்கம் உண்டு. அம்பாசடர் தாளத்துக்குப் பழகிய காதுக்கு நல்ல மாருதியும் மிஸ் அடிப்பதுபோல் கேட்கும். ஒரு சிலிண்டர் உண்மையிலேயே நின்றுவிட்டால் மூன்றில் ஒரு பங்கு வலு போய் வண்டி மேடேறாது. இந்தக் காருக்கு வேண்டிய கார்பரேட்டரைச் செய்ய ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து 1985இல் தமிழ்நாட்டில் யூகால் நிறுவனம் தொடங்கியது. ஆனால் தொழிலை உண்மையாகப் புரட்டியது மாருதி அல்ல, அதற்குப் பின் வந்த சட்டம்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆம் விதி, பெட்ரோல் கார் ஐடிலில் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. அதுவரை ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் மட்டும் இருந்த ஐடில், அரசு அளக்கும் பொருளாயிற்று. புகைச் சான்றிதழ் மையத்தில் சைலன்சருக்குள் குழாயை விட்டு அளந்தார்கள். அளவு கூடினால் கலவை ஸ்க்ரூவை உள்ளே திருகிப் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். குறைத்த பிறகு வண்டி சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. எனவே சான்றிதழுக்கு ஒரு ட்யூனிங், ஓட்டுவதற்கு ஒரு ட்யூனிங் என்ற பழக்கம் உண்டாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கார்பன் மோனாக்சைடு என்பது அரைகுறையாக எரிந்த பெட்ரோலின் அடையாளம். மிஸ் அடிக்கும் சிலிண்டரில் பெட்ரோல் எரியவே இல்லை. அப்படியே ஹைட்ரோகார்பனாக வெளியேறுகிறது. கூடவே எரியாத காற்றும் வெளியேறி மொத்தப் புகையை நீர்க்கச் செய்கிறது. ஆக, ஒரு சிலிண்டர் நின்றுபோன கார் அந்தப் பரிசோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கக்கூடும். 15 ஆண்டுகள் சட்டத்தின் கண்ணுக்கு மிஸ்ஸிங் படவே இல்லை. 2004 அக்டோபரில் ஹைட்ரோகார்பனையும் அளக்க வேண்டும் என்று விதி மாறியது. பி.எஸ். 2க்கு முந்தைய தரத்துக் கார்களுக்கு 1,500 பி.பி.எம்., பி.எஸ். 2 தரத்துக்கு 750, பின்னர் பி.எஸ். 4க்கு 200. இந்த எண் திடீரென்று எகிறினால் எங்கோ ஒரு சிலிண்டர் பற்றவில்லை என்று பொருள். புகை மையத்தின் கருவி அப்போதுதான் மெக்கானிக்குக்குப் பயன்படும் கருவியாயிற்று.

இதற்கிடையே எண்ணெயும் மாறியது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதற்கு ஈயம் கலக்காத பெட்ரோல் வேண்டும். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. பிளக்கில் படிந்த ஈயச் சாம்பலை மணல் அடித்துச் சுத்தம் செய்த பிளக் கிளீனிங் மெஷின்களுக்கு வேலை குறைந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ தொடக்கத்திலேயே, கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் உள்ள எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினோடு வந்தது. 1999இல் டெல்லிக்கு உச்ச நீதிமன்றம் போட்ட புகைத் தர உத்தரவும் 2000 ஏப்ரலில் வந்த நாடு தழுவிய புகைத் தரமும் மற்ற கம்பெனிகளையும் அந்தப் பாதைக்குத் தள்ளின. மாருதி 800க்கே கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது.

அதோடு, பிளக் வயரைத் தூக்கிப் பார்க்கும் முறைக்குத் தடை விழுந்தது. எலக்ட்ரானிக் இக்னிஷனில் காயில் தரும் அழுத்தம் பல்லாயிரம் வோல்ட். பொறி போக வழியில்லாதபடி வயரைத் தூக்கினால் அது காயிலுக்குள்ளேயே வெடித்து இக்னைட்டரைக் கெடுக்கும். அதைவிட மோசம், பற்றாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும், உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். சில நிமிடப் பரிசோதனை காரின் விலையுயர்ந்த ஒரு பாகத்தைக் காவு வாங்கிவிடும். வயருக்குப் பதிலாக இன்ஜெக்டரின் கப்ளரைக் கழற்றினால் பெட்ரோலும் நிற்கும், கன்வெர்ட்டரும் பிழைக்கும் என்பதை மெக்கானிக்குகள் கற்றார்கள். பழைய கேள்வியைத்தான் வேறொரு வயரிடம் கேட்டார்கள்.

முதல் எம்.பி.எஃப்.ஐ. கார்களுக்கு ஸ்கேனர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டுமே இருந்தது. வெளி ஷெட்டில் ஒரு துண்டுக் கம்பி போதுமானதாயிற்று. மாருதி வண்டிகளில் டயாக்னோசிஸ் கப்ளரின் இரண்டு முனைகளை அதனால் இணைத்தால் டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரியும். ஒன்று எரிந்து, நிறுத்தி, இரண்டு எரிந்தால் 12, அதாவது குறை ஒன்றும் பதிவாகவில்லை. சென்சார் கோளாறுகளை இது காட்டும், எந்தச் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று காட்டாது.

அதைக் காட்டச் சொன்னதும் சட்டம்தான். கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் 1988 மாடல் கார்களுக்கு கார் தன் குறையைத் தானே கண்டறிய வேண்டும் என்ற முதல் ஓ.பி.டி. விதியைப் போட்டது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் ஓ.பி.டி. 2 கட்டாயம். கன்வெர்ட்டரைக் காப்பாற்ற வேண்டுமானால் மிஸ்ஸிங்கைக் கார் தானே கண்டுபிடித்து ஓட்டுநரை எச்சரிக்க வேண்டும் என்பது அதன் உள்நோக்கம். இந்தியாவில் பி.எஸ். 4 வண்டிகளுக்கு ஓ.பி.டி. 1 2010 ஏப்ரலிலும், மிஸ்ஸிங்கைக் கண்காணிக்கும் ஓ.பி.டி. 2 2013 ஏப்ரலிலும் வந்தன.

கார் இதைச் செய்யும் விதம் பழைய மெக்கானிக்கின் காதை நினைவூட்டும். கிராங்க் ஷாஃப்டின் பல்சக்கரத்துக்கு எதிரே ஒரு சென்சார் இருக்கிறது. ஒவ்வொரு பல்லும் கடக்க எடுக்கும் நேரத்தை அது அளக்கிறது. சிலிண்டர் பற்றினால் கிராங்க் ஒரு சொட்டு வேகம் கூடும், பற்றாவிட்டால் அந்த இடத்தில் பல் தாமதமாக வரும். எந்தச் சிலிண்டரின் முறையில் தாமதம் விழுந்தது என்பதைக் கேம் சென்சாரோடு ஒப்பிட்டுக் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. முதல் சிலிண்டர் என்றால் பி 0301, இரண்டாவது என்றால் பி 0302, குறிப்பிட்டுச் சொல்ல முடியாமல் பல சிலிண்டரில் மாறி மாறி வந்தால் பி 0300. கன்வெர்ட்டருக்கு ஆபத்தான அளவில் மிஸ் அடித்தால் விளக்கு எரிந்து அணைந்து எச்சரிக்கும். அந்நிலையில் வண்டியை விரட்டி ஓட்டக் கூடாது. மேடு பள்ளமான சாலையில் சக்கரத்திலிருந்து வரும் அதிர்வும் கிராங்கைத் தடுமாறச் செய்து பொய்யான கணக்கைத் தரலாம் என்பதால், சில கார்கள் அப்போது எண்ணுவதை நிறுத்திவைக்கின்றன.

சில ஆயிரம் ரூபாய் ஸ்கேனரும், செல்போனோடு ப்ளூடூத்தில் பேசும் சிறு அடாப்டரும் வந்த பிறகு 16 முனை சாக்கெட்டில் செருகி இந்தக் குறை எண்ணை, அதாவது ‘கோடு’ என்பதை, படிப்பது எளிதாயிற்று. அத்தோடு ஒரு தவறான பழக்கமும் நுழைந்தது. கோடு எந்தச் சிலிண்டர் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. பி 0302 வந்ததும் இரண்டாவது காயிலை மாற்றிவிட்டு, அடுத்த நாள் அதே கோடு வந்தால் இன்ஜெக்டரை மாற்றி, பிறகு பிளக்கை மாற்றி, வண்டிக்காரரின் பணத்தில் பாடம் படிப்பவர்கள் உண்டு. கை தேர்ந்தவர் இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டி ஓடவிடுவார். கோடு பி 0303 என்று மாறினால் காயில் கெட்டது, மாறாமல் நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போக வேண்டும். அம்பாசடரில் பிளக்கை இடம் மாற்றிப் பார்த்ததற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. பி 0300உடன் ‘லீன்’ என்று பொருள்படும் பி 0171உம் சேர்ந்து வந்தால் தனிச் சிலிண்டரைத் தேடிப் பயனில்லை. வேக்குவம் குழாய் வெடித்து ஏர் எடுக்கிறதா, பெட்ரோல் பம்பின் அழுத்தம் குறைந்ததா என்று பார்க்க வேண்டும். பெட்ரோலை வெட்டிக் கூட்டும் ஃப்யூவல் டிரிம் எண், ஐடிலில் உயர்ந்து ரேஸ் செய்யும்போது இறங்கினால் அது ஏர் லீக்கின் அடையாளம்.

மிஸ்ஸிங்கே இல்லாமலும் ஐடில் உதறும். த்ராட்டில் பாடியில் கரி படிந்து காற்று வழி குறுகினால் சுற்று ஏறி இறங்கும், துடைத்து மீண்டும் செட் செய்தால் சரியாகும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்தால் எஞ்சின் ஒழுங்காக ஓடினாலும் நடுக்கம் முழுவதும் சீட்டுக்கு வரும். ஏ.சி. போட்டதும் மட்டும் உதறினால் கம்ப்ரசர் சுமைக்கு ஐடிலை ஏற்றும் ஏற்பாட்டில் குறை. மவுண்டிங் ரப்பரைப் பார்க்காமல் எஞ்சினைக் கழற்றினால் அந்த வேலை வீண்.

வடகிழக்குப் பருவமழை இந்தத் தொழிலுக்கு ஒரு பருவம். 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. தாழ்வான நகர்களில் கார்கள் நீரில் நின்றன. பழைய காரில் நனைந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்து வெயிலில் வைத்தால் போதும். புதிய காரில் காயில் பிளக்குக்கு மேலேயே குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. குழியில் தேங்கிய நீர் கசிவை உண்டாக்கி அந்தச் சிலிண்டரை நிறுத்தும், நாளடைவில் காயிலின் ரப்பரில் வெள்ளைக் கோடாகத் தடம் விழும். ஏர் ஃபில்டர் வழியாக நீர் சிலிண்டருக்குள்ளேயே போயிருந்தால் ஸ்டார்ட் செய்வதே குற்றம். முதலில் பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைச் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எண்ணெய் மீண்டும் மாறியிருக்கிறது. 2023இல் தொடங்கிப் படிப்படியாகப் பரவிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது பெட்ரோல் பங்குகளில் சாதாரணம். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எண்ணெய் தேவை. இன்ஜெக்டர் உள்ள காரில் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டரே அதைச் சரிக்கட்டிவிடும். கார்பரேட்டருக்கு அந்தத் தெளிவு கிடையாது. கலவை வறண்டு ஐடிலில் இருமும், பழைய ரப்பர் குழாயும் டயாஃப்ரமும் ஊறி இளகும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கின் அடியில் நீரும் எத்தனாலும் பிரிந்து தங்கலாம், முதல் நாள் ஸ்டார்ட் செய்ததும் மிஸ் அடிப்பதற்கு அதுவே போதும். ஆசைக்கு வைத்திருக்கும் ஃபியட்டும் ஹெரால்டும் இந்தக் குறையோடு ஷெட்டுக்கு வருகின்றன. அவற்றுக்கு டேங்கைக் காலி செய்து, எத்தனாலைத் தாங்கும் குழாய் மாற்றி, ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, கலவை ஸ்க்ரூவை மறுபடியும் காதால் கேட்டே நிறுத்த வேண்டியிருக்கிறது. மேட்டுப்பாளையம் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் மோட்டார் மெக்கானிக் படிப்பில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் ஸ்கேனரைக் கற்றுக்கொண்டு வருகிறார். ஸ்க்ரூவைக் காதால் நிறுத்தும் கைப்பக்குவத்தை மட்டும் ஷெட்டில் பெரியவர் ஒருவரிடம்தான் படிக்க வேண்டியிருக்கிறது.